படகு வாங்கலாமா?

சின்ன காஞ்சிபுரத்தில் குடியிருக்கிற ஒருவன் படகு வாங்கப் போவதாகச் சொன்னால், கேட்கிறவர்கள் முதலில் அவன் முகத்தைப் பார்ப்பார்கள். பிறகு அனுதாபத்துடன் அவன் வீட்டாரின் முகத்தைப் பார்ப்பார்கள். சென்ற மூன்று மாத காலமாக எங்கள் தெருவார் எங்கள் வீட்டாரை அப்படித்தான் பார்த்து வருகிறார்கள்.

அவர்கள் மேல் குற்றம் சொல்வதற்கில்லை. எங்கள் ஊரில் வேகவதி என்று ஒரு நதி உண்டு. வேகமெல்லாம் பெயரோடு சரி. பாலாறோ வருஷத்தில் பெரும்பாகம் மணலாறு. மிதக்கிற வஸ்து என்று ஊரில் சொல்லத் தகுந்தது வரதராஜப் பெருமாள் கோவில் தெப்பம் ஒன்றே. அதுவும் உற்சவ காலத்தில் சில தினங்களுக்கு மேல் மிதப்பதில்லை. போதாக்குறைக்கு 2019-ஆம் வருஷம் ஒரு காரியம் நடந்தது. அவ்வருஷம் ஜூலை மாதத்தில், 1979-க்குப் பிறகு முதல் தடவையாக, அத்தி வரதர் அனந்தசரஸ் புஷ்கரிணியிலிருந்து வெளியே எழுந்தருளினார். அதே வருஷம் நவம்பரில் செங்கற்பட்டு தனி ஜில்லாவாகப் பிரிந்தது. கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. ஆக, பெருமாள் நீரை விட்டு வெளியே வந்த வருஷத்தில் கடல் எங்களை விட்டு வெளியே போயிற்று. காஞ்சிபுரம் ஜில்லாவுக்கு இப்போது ஒரு முழம் கடற்கரை கூடக் கிடையாது. இந்த நிலைமையில்தான் எங்கள் வீட்டில் படகைப் பற்றிய பிரஸ்தாபம் எழுந்தது.

எழுப்பியவர் என் மைத்துனர். என் மனைவியின் தம்பி, முப்பத்தெட்டு வயது, ஒரு பாங்கியில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் தூண்டிலும் கையுமாகத் தென்னேரிக் கரையில் உட்கார்ந்து வரால் பிடிப்பது பத்து வருஷ வழக்கம். 'பிடிப்பது' என்று எழுதியது பழக்க தோஷம். 'காத்திருப்பது' என்று வாசித்துக்கொள்க. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வாரம் ஐந்து நாளும் 'விடை என்ன, விடை என்ன' என்று கேட்டுக்கொண்டிருக்கிறவனுக்கு, விடையே வராத ஓரிடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதில் எவ்வளவு சுகம் இருக்கிறது என்பது அந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

சென்ற ஆடி மாதத்தில் மைத்துனர் ஆபீஸ் சிநேகிதர்களோடு கோவளம் போனார். அங்கே ஒரு மீனவரின் படகில் ஏறி, இரண்டு கிலோ எடையுள்ள கொடுவா ஒன்றைத் தூண்டிலில் பிடித்துவிட்டார். திரும்பி வந்தவர் பழைய மனிதராக இல்லை. அன்று முதல் செல்போனில் அமெரிக்கர்கள் மீன் பிடிக்கும் படங்களாகவே பார்க்கத் தொடங்கினார். அந்நாட்டில் 'பாஸ்' என்று ஒரு ஜாதி மீன் இருக்கிறதாம். அதைப் பிடிப்பதற்கென்றே தனிப் படகு, தனிப் பந்தயம், தனிப் பத்திரிகைகள் கூட உண்டாம். படகுகளின் வேகத்தைப் பார்த்தால் மீன் பிடிக்கப் போகிறவர்கள் மாதிரித் தோன்றவில்லை. மீனுக்குப் பயந்து ஓடுகிறவர்கள் மாதிரி இருந்தது.

"மாமா, நம்ம கொடுவாவும் 'ஸீ பாஸ்'தானாம். அவன் ஏரியிலே பிடிக்கிறான். நாம கழியிலே பிடிக்கப் போறோம். ஒரு படகு இருந்தா போதும்" என்றார்.

விலையும் விசாரித்து வைத்திருந்தார். கோவளத்தில் ஒரு பெரியவர் தமது பைபர் படகையும் எஞ்சினையும் சேர்த்து 1,60,000 ரூபாய்க்குக் கொடுக்கச் சம்மதிக்கிறாராம். ஆளுக்குப் பாதி. நான் தயங்கியதைப் பார்த்து, "வ.உ.சி. 1906-லே 25 ரூபாய் பங்காகச் சேர்த்துக் கப்பலே வாங்கக் கிளம்பினாரே! நாம ஒரு படகு வாங்கக் கூடாதா?" என்று ஒரு போடு போட்டார். பத்து லட்ச ரூபாய் மூலதனத்தில் வெள்ளைக்காரக் கம்பெனியை எதிர்த்து நின்ற அந்த மகானுபாவரை, இரண்டு குடும்பஸ்தர்கள் கொடுவாக் குழம்புக்காகச் செய்கிற சதியில் சாட்சிக்கு அழைப்பது நியாயமா என்று கேட்டேன். ஆனாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. படகு என்கிற வார்த்தைக்கு அப்படி ஒரு வசியம் இருக்கிறது.

விஷயத்தை நன்றாக விசாரித்துவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். விசாரிக்க விசாரிக்க, 'என்ன விலை?' என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி என்று தெரிந்தது. முதற் கேள்வி 'எந்தத் தண்ணீர்?' என்பதுதான்.

மைத்துனர் படத்தில் பார்த்த அமெரிக்கப் பாஸ், ஏரியிலும் அணைத் தேக்கத்திலும் வாழ்கிற நல்ல தண்ணீர் மீன். அதற்கென்று செய்த படகு தட்டையானது, பக்கங்கள் தாழ்ந்தவை. அலையில்லாத நீரில் கட்டில் மாதிரி ஆடாமல் நிற்கும். பெயரில்தான் நமது கொடுவா அதற்கு உறவு, குலம் வேறு. வங்காளத்தில் இதையே பேட்கி என்கிறார்கள், கேரளத்தில் காளாஞ்சி, ஆஸ்திரேலியாவில் பாராமுண்டி. உப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர் இரண்டிலும் வசிக்கும். கழியிலும் முகத்துவாரத்திலும் பாறை இடுக்கு, மரத்தின் வேர், பாலத்தின் தூண் இவற்றை ஒட்டி அசையாமல் பதுங்கியிருந்து, பக்கத்தில் வருகிற இறாலையும் மடவையையும் ஒரே வாயில் இழுத்துக்கொள்ளும். ஆகையால் அமெரிக்கனைப் போல நீரைக் கிழித்துக்கொண்டு ஓடுகிற எஞ்சின் நமக்குப் பிரயோஜனமில்லை. மெள்ள நகர்ந்து, சத்தமில்லாமல் நங்கூரம் போட்டு, பாறையில் மோதாமல் நிற்கத் தெரிந்த படகுதான் வேண்டும்.

ஏரிக்கே ஒரு படகு வாங்கிக்கொண்டால் என்ன என்றும் யோசித்தேன். தொண்டை நாடு ஏரிகளின் நாடு. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921-ஆம் வருஷங்களிலேயே ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுகின்றன. ஏரியில் தூர் எடுப்பதற்காக ஓடம் வைத்துக்கொண்டு, அதற்கு மானியமும் விட்டிருந்த செய்தி சோழர் காலத்துச் சாசனங்களில் வருகிறது. ஆகவே, காஞ்சிபுரத்துக்காரன் படகு வைத்துக்கொள்வது அப்படியொன்றும் அடாத காரியமல்ல என்று என் பக்கத்துக்கு ஒரு சாட்சி அகப்பட்டது. ஓகேனக்கலில் ஓட்டுகிறார்களே, அது மாதிரி மூங்கில் பரிசல் ஒன்று இருந்தால் ஏரிக்குத் தாராளமாகப் போதும். செலவும் சொற்பம். ஆனால் ஏரி மீன் ஏரியைப் போலப் பொதுவானதல்ல. மீன்பாசிக் குத்தகை என்று ஒன்று இருக்கிறது. ஏலம் எடுத்தவர் பணம் கட்டிக் குஞ்சு விட்டு வளர்க்கிறார். கரையில் உட்கார்ந்து ஒரு வராலுக்குத் தூண்டில் போடுகிற கிழட்டு வாத்தியாரைப் பார்த்து அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். அந்த வாத்தியார் நடு ஏரியில் பரிசல் விட்டால் சிரிக்க மாட்டார். தவிரவும், ஏரியில் கொடுவா கிடையாது. மைத்துனருக்கோ கொடுவா இல்லாத தண்ணீர் தண்ணீராகவே படவில்லை.

ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் இருவரும் புறப்பட்டோம். எங்கள் ஊரிலிருந்து கோவளம் ஏறக்குறைய 75 கிலோமீட்டர். மூன்று பஸ் மாற வேண்டும். அல்லது மோட்டார் சைக்கிளில் முதுகெலும்பை அர்ப்பணிக்க வேண்டும். நாங்கள் முதுகெலும்பை அர்ப்பணித்தோம்.

படகுக்காரப் பெரியவருக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். வலது தோள் சரியாகத் தூக்க வரவில்லை. ஒரு மகன் பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள கம்பெனி ஒன்றில் வேலையாகப் போகிறான்; மற்றவன் கார் ஓட்டுகிறான். படகில் உடன் வர ஆளில்லை. அதனால் விற்கிறார். படகைத் தட்டிப் பார்த்தோம்; எதைத் தட்டுகிறோம், என்ன சத்தம் வர வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாது. தேங்காய் வாங்குகிறவன் மாதிரி ஒரு பாவனை செய்தோம். பெரியவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "2004 சுனாமிக்கு அப்புறம்தான் சார் இந்தப் படகெல்லாம் குமிஞ்சுது. அதுக்கு முன்னாடி எனக்குக் கட்டுமரம்தான்" என்றார்.

அது வாஸ்தவம். சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகக் கடற்கரையோரம் முழுவதும் பைபர் படகுகள் வந்து இறங்கின. இழந்தவனுக்கும் கிடைத்தது, இழக்காத சிலருக்கும் கிடைத்தது. மீன் மட்டும் அதே கணக்குதான். உலகத்துக்குத் தமிழன் கொடுத்த சொற்களில் கட்டுமரமும் ஒன்று; ஆங்கில அகராதியில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கரையிலோ அது அருகிப்போய்விட்டது. கட்டுமரத்தில் தண்ணீர் உள்ளே வரும், வெளியே போகும். ஆனால் மரம் முழுகாது. "பைபர்லே தண்ணி உள்ள வந்துச்சுன்னா நாமதான் வெளியே ஊத்தணும்" என்றார் பெரியவர்.

முதலில் கழியில் போனோம். முகத்துவாரத்தை மணல் ஏறக்குறைய மூடியிருந்தது. மழைக்காலத்து வெள்ளம் வந்து அந்த மணலை உடைத்தால்தான் கடலும் கழியும் ஒன்றாகும். கொடுவா முட்டையிடுவதற்குக் கடற்பக்கம் போகிற மீன். குஞ்சுகள் கழிக்குள் ஏறி வந்து வளரும். வாய் மூடிக் கிடந்தால் போகிறதும் இல்லை, வருகிறதும் இல்லை. ஆகவே, ஆபீஸ் லீவைப் பார்த்து நாம் போகலாமே தவிர, மீன் அந்தக் காலண்டரைப் பார்ப்பதில்லை. இரண்டு மணி நேரம் உயிருள்ள இறாலைத் தூண்டில் முள்ளில் கோத்துப் போட்டுக் காத்திருந்தோம். இறால்களுக்கு நல்ல உல்லாசப் பிரயாணம் ஆயிற்று.

மைத்துனர் கடலுக்குள் போய்ப் பார்க்கலாம் என்றார். அங்கேதான் என் கல்வி ஆரம்பமாயிற்று.

நமது கீழைக் கரையில், கரையை ஒட்டியே அலை உடைகிறது. சென்னையில் துறைமுகம் கட்டுவதற்கு முன் கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். கவர்னரானாலும் சரி, அவருடைய நாற்காலியானாலும் சரி, மசூலாப் படகில்தான் கரைக்கு வந்தாக வேண்டும். ஆணி இல்லாமல் பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்த படகு அது. அலை மோதினால் உடையாமல் நெளிந்து கொடுக்கும். வெள்ளைக்காரனுக்கு எத்தனையோ கப்பல் இருந்தும், கடைசி ஒரு பர்லாங் தூரத்தைக் கடப்பதற்கு நமது படகோட்டியின் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு பர்லாங்கு எப்படிப்பட்டது என்று அன்று எனக்குத் தெரிந்தது.

பெரியவர் இரண்டு பையன்களைத் துணைக்கு அழைத்துப் படகை நீரில் தள்ளினார். ஏறியதும் எஞ்சினை வேகப்படுத்துவார் என்று நினைத்தேன். அவர் சும்மா நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் அசைந்தன. அலையை எண்ணிக்கொண்டிருக்கிறார்! 'அலை எண்ணுவது' என்றால் வேலையற்றவன் செய்கிற வேலை என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இந்த மனிதர் அதில்தான் அறுபது வருஷமாகச் சீவித்திருக்கிறார். பெரிய அலைகள் சில வந்து போயின. "இப்போ" என்றார், படகு பாய்ந்தது. அப்படியும் ஓர் அலை கணக்கில் வராமல் வந்துவிட்டது. முன்பக்கம் ஆகாசத்தை நோக்கி எழுந்தது. நான் மீன் பெட்டியின் மேல் விழுந்தேன். என் மேல் மைத்துனர் விழுந்தார். எங்கள் இருவர் மேலும் வங்காள விரிகுடாவில் ஒரு பகுதி விழுந்தது. அடுத்த கணம் படகு அலைக்கு அப்பால் அமைதியாக ஆடிக்கொண்டிருந்தது. பெரியவர் ஒரு டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் பேசாமல் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றினேன்.

பாறைகளின் அருகில் ஒரு கொடுவா அகப்பட்டது. ஒன்றரை கிலோ இருக்கும். அது இழுத்த இழுப்பும், ஒரு தடவை நீருக்கு மேலே துள்ளித் தலையை உதறிய உதறலும், வெள்ளித் தகடு போல வெயிலில் அடித்த பளபளப்பும் - மைத்துனரின் பைத்தியத்துக்குக் காரணம் எனக்குப் புரிந்தது. அவரைக் குறை சொல்லி எழுதுகிற நானும் அந்த நிமிஷத்தில் படகை வாங்கியே விட்டேன். கரைக்கு வந்ததும் 5,000 ரூபாய் அச்சாரமாகக் கொடுத்தோம்.

பெரியவர் பணத்தை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு, "இது சின்னது, ஆண். பத்துப் பன்னண்டு கிலோ வருதே, அதெல்லாம் பொட்டை. அதை நான் தூண்டில்லே பிடிச்சா மனசுக்கு ஒரு மாதிரிதான் இருக்கும்" என்றார். அவர் சொன்னது சரிதான். கொடுவா முதல் சில வருஷங்கள் ஆணாக இருந்துவிட்டுப் பிறகு பெண்ணாக மாறுகிற மீன். பெரிய மீனைப் பிடித்தால் லட்சக்கணக்கான முட்டைகளைப் பிடித்ததாக அர்த்தம். ஆஸ்திரேலியாவில் குவின்ஸ்லாந்துக்காரர்கள் 58 சென்டிமீட்டருக்குக் குறைந்ததையும் எடுக்கக் கூடாது, 120 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதையும் எடுக்கக் கூடாது என்று சட்டம் வைத்திருப்பது இதை எண்ணித்தான். கோவளத்துக்குப் பக்கத்திலேயே முட்டுக்காட்டில் ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிற மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சிக் கழகத்தார், 1997-ல் இந்தியாவில் முதன்முதலாக இந்த மீனைத் தொட்டியில் முட்டையிடச் செய்தார்கள். அன்று முதல் குளங்களில் வளர்க்கவும் குஞ்சு கிடைக்கிறது. ஆனால் வளர்ப்புக் கொடுவாவைப் பிடிப்பதற்குப் படகு வேண்டாம். பணப் பை போதும்.

புறப்படும்போது நான் ஒரு கேள்வி கேட்டேன். படகு எங்களுடையதாகிவிட்டால் எங்கே வேண்டுமானாலும் தூண்டில் போடலாமா?

பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. "ஊருக்குச் சொல்லணும் சார். வலை கட்டியிருக்கிற இடத்துலே எஞ்சின் போச்சுன்னா ஒருத்தன் பொழப்பு போயிடும்" என்றார்.

கடல் யாருக்கும் சொந்தமில்லை என்று புஸ்தகத்தில் படித்திருக்கிறேன். அது புஸ்தகம் படிக்கிறவர்களுடைய அபிப்பிராயம். பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. இறால் கிடைக்கிற இடங்களை மீனவர் ஊர்கள் தமக்குள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும். யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்பதற்கு ஒழுங்கு இருக்கிறது. முறை இல்லாதவன் அங்கே வலை கட்ட முடியாது. சர்க்கார் சட்டமும் இருக்கிறது. 1983-ல் ஏற்பட்ட தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி மீன்பிடி படகைப் பதிவு செய்தாக வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்பது 2017 முதல் வழக்கம். எங்கள் சிறிய படகு அந்தத் தடையில் வராது என்று மைத்துனர் உற்சாகமாகச் சொன்னார். ஆனால் சட்டத்தில் வராத இடத்தில் ஊர் வந்து நிற்கிறது. ஒருவன் தன் பிழைப்புக்காக இரவெல்லாம் காத்திருக்கிற தண்ணீரில், சம்பளம் வாங்குகிற இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காக எஞ்சின் விட்டுக்கொண்டு போவது எப்படி இருக்கும்? பரீட்சை நடக்கிற அறையில் வேடிக்கை பார்க்க வந்தவன் சீழ்க்கை அடித்துக்கொண்டு உலாத்துகிற மாதிரி இருக்கும்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். தொழில் அதுவல்லவா! வருஷத்தில் ஞாயிற்றுக்கிழமை 52. ஐப்பசி முதல் மார்கழி வரையில் மழையும் புயலும்: 12 போயிற்று. புரட்டாசியில் எங்கள் வீட்டு அடுப்பில் மீன் ஏறாது: 4. பரீட்சைத் தாள் திருத்த 6. கல்யாணம், காது குத்தல், கிரகப்பிரவேசம் என்று குறைத்துச் சொன்னால் 8. இந்த எண்ணைக் கேட்டு என் மனைவி சிரித்தாள். கருட சேவை, தெப்பம் என்று 3. உடம்புக்கு வருவது, மைத்துனரின் ஆபீஸ் தொல்லை 4. மிச்சம் 15.

படகும் எஞ்சினும் எட்டு வருஷம் உழைக்கும் என்று வைத்தால் வருஷத்துக்கு 20,000 ரூபாய் தேய்மானம். கரையில் பார்த்துக்கொள்ள ஓர் ஆளுக்கு மாதம் 1,000 வீதம் 12,000. எஞ்சின் பழுது 7,000. பெயிண்டும் பைபர் ஒட்டும் 6,000. ஆக மொத்தம் 45,000. பதினைந்து நாளுக்கு வகுத்தால் நாள் ஒன்றுக்கு 3,000. இதில் பெட்ரோல் சேரவில்லை, பஸ் சேரவில்லை, அலையை எண்ணத் தெரிந்த ஒருவருடைய கூலியும் சேரவில்லை. அந்த ஆள் இல்லாமல் நாங்கள் படகைக் கரையில் நிறுத்தி அழகு பார்க்கலாமே ஒழிய, அலையைத் தாண்ட முடியாது. அதே பெரியவர் தம் படகில் எங்களை அரை நாள் அழைத்துப் போவதற்குப் பெட்ரோல் உள்பட 2,000 ரூபாய்தான் கேட்டிருந்தார்.

காகிதத்தை மைத்துனரிடம் காட்டினேன். "சொந்தப் படகுன்னா அது வேற மாமா. கணக்கிலே வராது" என்றார். அதை நான் மறுக்கவில்லை. சொந்த வீடு, சொந்தத் தறி, சொந்தப் படகு: இவற்றின் ருசி கணக்கில் வராதுதான். எங்கள் அப்பா சாகிற வரையில் மற்றவர் தறியில் உட்கார மாட்டேன் என்று இருந்தவர்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடம் வந்துவிட்டது. என் பங்குக்குரிய 80,000 ரூபாய் என் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததல்ல. அப்பா பட்டு நெசவு செய்து தபாலாபீஸில் போட்டு வைத்த பணம். அந்தப் புஸ்தகம் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அவர் காலமான பிறகு நாங்கள் யாரும் அதைத் தொடவில்லை. அன்றிரவு நான் மெதுவாகப் பேச்சை எடுத்தேன்.

அம்மா கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். "உங்கப்பா குழியிலே காலை விட்டு நாப்பது வருஷம் உட்கார்ந்து சேர்த்தது. நீ தண்ணியிலே விடறேங்கறே" என்று மட்டும் சொன்னாள். பிறகு எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து, புஸ்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "எடுத்துக்கோ. அவரும் ஆசைப்பட்டது ஒண்ணும் அனுபவிக்கலே. நீயாவது அனுபவி" என்றாள்.

எனக்குத் தொண்டையை அடைத்தது. புஸ்தகத்தை எடுக்கக் கை நீட்டினேன்.

"ஏண்டா, உனக்கு நீஞ்சத் தெரியுமா?" என்று கேட்டாள்.

நாற்பத்தாறு வயது; கணித சாஸ்திரத்தில் பட்டதாரி; மிதக்கும் பொருளைப் பற்றி ஆர்க்கிமிடீஸ் என்ன சொன்னார் என்று கேட்டால் கரும்பலகை நிறைய எழுதுவேன். நீந்தத் தெரியாது. மைத்துனரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரியாது. அலையில் மீன் பெட்டி மேல் விழுந்தோமே, அது ஓரடி தள்ளி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அப்போதுதான் எங்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில் தோன்றியது. என் மனைவி தன் தம்பியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

மறு ஞாயிற்றுக்கிழமை கோவளத்துக்குப் போய், படகு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம். சுலபமாக எழுதிவிட்டேன்; சொல்வது சுலபமாக இல்லை. நாங்கள் வாங்குகிறோம் என்று நம்பி அந்த மனிதர் வேறு யாரையும் கேட்காமல் இருந்துவிட்டார். இப்போது அவர் தங்கை மகன் 1,40,000 ரூபாய்க்கு, அதுவும் தவணையில், எடுத்துக்கொள்கிறானாம். எங்களால் அவருக்கு 20,000 ரூபாய் குறைந்தது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மடியை அவிழ்த்து எங்கள் அச்சாரப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். வேண்டாம், அதை நாங்கள் வரப்போகிற நாட்களுக்கு முன்பணமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னோம். "என் மருமவன் நல்லா ஓட்டுவான். ஆனா அவசரக்காரன். நானும் கூட வந்து அலை பார்க்கிறேன்" என்றார். அந்தப் படகு ஊரைவிட்டுப் போகாதது அவருக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது என்று நினைக்கிறேன். அல்லது அப்படி நினைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருக்கிறது.

மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும், முகத்துவாரம் திறந்திருந்தால், அவர்கள் படகில் போவதாக ஏற்பாடு. இரண்டு மிதவைச் சட்டைகளை இப்போதே வாங்கியாயிற்று. தபாலாபீஸ் புஸ்தகம் டிரங்குப் பெட்டிக்குத் திரும்பிப் போய்விட்டது.

அம்மாவுக்கு அதோடு திருப்தி இல்லை. அவளுடைய உத்தரவின் பேரில், மழைக்கு நடுவே வெயில் அடிக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில், ஊருக்கு வெளியே உள்ள ஒரு வயற் கிணற்றில் எங்களுக்கு நீச்சல் பாடம் நடக்கிறது. குரு என் பழைய மாணாக்கன். கணக்கில் என்னிடம் மூன்று தடவை தோற்றவன். என் முதுகில் காலி எண்ணெய்க் கேனைக் கட்டி, இடுப்பில் கயிறு போட்டு, கயிற்றின் மறு முனையை மைத்துனரிடம் கொடுத்துவிட்டு அவன் படியில் உட்கார்ந்துகொள்கிறான். கிணற்றின் விளிம்பைச் சுற்றிலும் என் வகுப்புப் பையன்கள் பத்துப் பேர் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சென்ற வாரம் அந்தப் பக்கத்துச் சுவரிலிருந்து இந்தப் பக்கத்துச் சுவர் வரையில் வந்துவிட்டேன். "இன்னும் காலை உதைங்க சார், இன்னும் உதைங்க" என்று அவன் கத்தினான். நான் அவனிடம் அந்தக் காலத்தில் 'இன்னும் யோசி, இன்னும் யோசி' என்று கத்திய அதே தொனி.